கையில் கத்தி இருக்கும்போது

எல்லாப் புகழும் அகிலங்களின் இறைவனான அல்லாஹ்வுக்கே உரியது. ஸலாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபி முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.



சில வாரங்களுக்கு முன் ஜும்ஆ பாங்கு சொல்வதற்குச் சற்று முன்னால் ஒரு தம்பி என்னிடம் வந்தான். பதினேழு வயது இருக்கும். வெள்ளைச் சட்டையின் காலரில் ஒரு சிவப்புப் புள்ளி. தாடையில் மூன்று இடங்களில் செய்தித்தாள் துண்டு ஒட்டியிருந்தது. "ஹஜ்ரத், சேவ் பண்ணும்போது வெட்டிருச்சு. உளூ முறிஞ்சிருச்சா?" என்று கேட்டான்.

ஷாஃபிஈ மத்ஹபில் இரத்தம் வருவதால் உளூ முறியாது, ஹனஃபி மத்ஹபில் இரத்தம் வழிந்தோடினால் முறியும், சந்தேகத்தோடு நிற்காமல் காயத்தைக் கழுவிவிட்டு உளூவைப் புதுப்பித்துக்கொள் என்று சொன்னேன். பிறகு சும்மா கேட்டேன்: "யாருப்பா சொல்லிக் கொடுத்தது?" அவன் தலையைக் குனிந்துகொண்டான். "யாரும் இல்ல ஹஜ்ரத். அத்தாவோட பழைய ரேசரை எடுத்துப் பண்ணேன். அத்தாகிட்ட கேட்டா எல்லார் முன்னாடியும் சிரிப்பாங்க."

அன்றைய தொழுகை முடிந்த பிறகும் அந்தப் பதில் என் மனதை விட்டுப் போகவில்லை. அதனால்தான் இன்று இந்தத் தலைப்பு.

உங்களில் சிலர் நினைப்பீர்கள்: உம்மத்துக்கு எத்தனையோ கவலைகள் இருக்கின்றன. கடனில் மூழ்கிய குடும்பங்கள், பேசிக்கொள்ளாத உடன்பிறப்புகள், வேலை இல்லாத பிள்ளைகள். இவற்றை எல்லாம் விட்டுவிட்டு மிம்பரில் ஏறி ரேசரைப் பற்றியா பேசுவது? நியாயமான கேள்விதான். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். நான் பேசப்போவது கத்தியைப் பற்றி மட்டுமல்ல. அதைப் பிடிக்கிற கையைப் பற்றி.

இதுவும் மார்க்கமா?

தாடியை வளர விடுவதும் மீசையைக் குறைப்பதும் நபிவழி. தாடியின் சட்ட விவரங்களில் இமாம்களுக்கு இடையே உள்ள பேச்சு தனியொரு ஜும்ஆவுக்கு உரியது. இன்று அதற்குள் போகவில்லை. தாடி வைத்தவரும் கழுத்தைச் சுத்தம் செய்ய ரேசரை எடுக்கிறார், வைக்காதவரும் எடுக்கிறார். இவை போக, நம் வணக்கங்களிலேயே கத்தி வருகிறது. பிறந்த குழந்தைக்கு ஏழாம் நாள் தலைமுடி இறக்குகிறோம். ஹஜ்ஜிலும் உம்ராவிலும் தலையை மழித்து இஹ்ராமிலிருந்து வெளியே வருகிறோம். தலையை மழித்தவர்களுக்காக நபி (ஸல்) அவர்கள் திரும்பத் திரும்ப துஆ செய்து, அதன் பிறகே முடியைக் குறைத்துக்கொண்டவர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். மீசை, நகம், மறைவிட முடிகளை நாற்பது நாளுக்கு மேல் விட்டுவைக்கக் கூடாது என்று காலக்கெடு விதித்ததாக அனஸ் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் முஸ்லிம் நூலில் இருக்கிறது. உடலைச் சுத்தமாக வைத்திருப்பது ஃபித்ராவில், அதாவது மனிதனின் இயல்பான வழியில் சேர்ந்தது.

செய்ய வேண்டும் என்பது இருக்கட்டும். எப்படிச் செய்ய வேண்டும் என்று மார்க்கம் கவலைப்படுகிறதா? படுகிறது. ஷத்தாத் பின் அவ்ஸ் (ரலி) அறிவிக்கும் ஹதீஸை நாம் அறிவோம். எல்லாவற்றிலும் இஹ்ஸானை, அதாவது அழகுறச் செய்வதை அல்லாஹ் விதித்திருக்கிறான் என்று சொன்ன நபி (ஸல்) அவர்கள், அதற்கு எடுத்துக்காட்டாகச் சொன்னது எதை? தொழுகையை அல்ல, நோன்பை அல்ல. அறுக்கும்போது கத்தியைத் தீட்டிக்கொள்ளுங்கள், அந்தப் பிராணிக்கு வேதனையைக் குறையுங்கள் என்ற கருத்தில் சொன்னார்கள். இன்னும் சற்று நேரத்தில் உயிர் போகப்போகிற ஆட்டின் கழுத்தில்கூட மழுங்கிய கத்தி கூடாது!

இன்னொன்றும் இருக்கிறது. பள்ளிவாசலுக்குள்ளோ கடைத்தெருவிலோ அம்புகளோடு நடந்து போகிறவர் அவற்றின் முனையைக் கையால் பிடித்துக்கொள்ளட்டும், யார் மீதும் கீறிவிடக் கூடாது என்பதும் நபிமொழியின் கருத்து. கவனியுங்கள். கொலையைப் பற்றி அல்ல, சண்டையைப் பற்றி அல்ல. ஒரு கீறல். யாரோ ஒருவரின் தோலில் தவறுதலாக விழக்கூடிய ஒரு கீறல். அது அல்லாஹ்வின் தூதருக்குப் பெரிய விஷயமாக இருந்தது.

வலி சொல்லிக் கொடுக்கும் பாடம்

அந்தத் தம்பிக்கு நான் சொல்லிக் கொடுத்ததை உங்களுக்கும் சொல்கிறேன். வீட்டில் வளரும் பிள்ளை இருந்தால் நீங்கள் சொல்லிக் கொடுங்கள்.

முதலில் தண்ணீர். காய்ந்த முடி கம்பிபோல் விறைத்திருக்கும். வெதுவெதுப்பான நீரில் இரண்டு மூன்று நிமிடம் நனைந்தால் இளகிவிடும். குளித்த கையோடு சவரம் செய்வது எளிது என்பது அதனால்தான். அதன்மேல் சோப்பு நுரையை நன்றாகத் தேய்த்துக் கொஞ்சம் ஊற விடுங்கள். அவசரமாக இருக்கிறது என்று காய்ந்த முகத்தில் ரேசரை ஓட்டியவருக்கு எரிச்சலே கூலி.

அடுத்தது கூர்மை. புதிதாகக் கற்பவர்கள் புது பிளேடுக்குப் பயப்படுவார்கள். உண்மையில் பயப்பட வேண்டியது மழுங்கிய பிளேடுக்கு. அது முடியை வெட்டாது, இழுக்கும், வெட்டவில்லையே என்று நாம் அழுத்துவோம், தோல் கிழியும். முடியைவிட எஃகு ஏறத்தாழ ஐம்பது மடங்கு கடினமானது. ஆனாலும் அந்த மெல்லிய முடிதான் பிளேடின் ஓரத்தில் நுண்ணிய சில்லுகளைப் பெயர்த்து அதை மழுங்கடிக்கிறது என்று அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் 2020-ல் கண்டறிந்தார்கள். எனவே பிளேடை மாற்றுவதில் கஞ்சத்தனம் வேண்டாம். இன்னொருவர் பயன்படுத்தியதையும் தொடாதீர்கள், அது உங்கள் அத்தாவுடையதாக இருந்தாலும் சரி. கண்ணுக்குத் தெரியாத இரத்தத்தின் வழியாக ஹெப்படைட்டிஸ் பி போன்ற நோய்கள் பரவும். அந்தக் கிருமி உடலுக்கு வெளியே ஏழு நாட்கள் வரைகூட உயிர்ப்போடு இருக்கக்கூடியது. ஹஜ்ஜுக்குப் போகிறவர்களும் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்: உங்கள் தலையில் வைக்கும் பிளேடு உங்கள் கண் முன்னே பிரிக்கப்பட்ட புது பிளேடாக இருக்கட்டும்.

பிறகு, அழுத்தாமை. ரேசரை முஷ்டியில் பிடிக்காமல் விரல்களால் லேசாகப் பிடியுங்கள். பிளேடு தோலோடு ஏறத்தாழ முப்பது பாகை சாய்வில் இருக்கட்டும். அதன் எடையே போதும். மறு கையால் தோலை இழுத்துப் பிடித்துச் சிறு சிறு இழுப்பாக இழுங்கள். ஒவ்வொரு முறையும் அலசுங்கள். குரல்வளை மேட்டின் மேல் நேராக ஓட்டாதீர்கள். தோலைப் பக்கவாட்டில் நகர்த்திக்கொண்டு செய்யுங்கள்.

கடைசியாக, திசை. தாடையை விரலால் தடவிப் பாருங்கள். எந்தப் பக்கம் தடவினால் வழுக்குகிறதோ அதுதான் முடி வளரும் திசை. கன்னத்தில் ஒரு திசை இருக்கும், கழுத்தில் வேறு திசை இருக்கும். அந்தத் திசையிலேயே போங்கள். ஒரே இழுப்பில் வழவழப்பாக வேண்டும் என்று எதிர்த்திசையில் ஒட்ட மழித்தால், சுருள் முடி உள்ளவர்களுக்கு அது வளைந்து தோலுக்குள்ளேயே வளர்ந்து கொப்புளமாகும். முடிந்ததும் குளிர்ந்த நீரில் கழுவி, ஈரப் படிகாரத்தைத் தடவுங்கள். கீறிவிட்டால் சுத்தமான துணியால் ஓரிரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். செய்தித்தாள் துண்டு வேண்டாம்!

இதில் எதுவும் கடினமில்லை. நான்கைந்து முறை வெட்டுப்பட்டால் எவரும் கற்றுக்கொள்வார். ஏன் தெரியுமா? வலிப்பது நமக்கு. தவறு செய்த அந்த நொடியிலேயே தண்டனை கிடைத்துவிடுகிறது. அடுத்த முறை கை தானாகவே மெதுவாகிறது. இதை நாம் ஒழுக்கம் என்று சொல்ல முடியாது. தன் தோலைக் காப்பாற்றிக்கொள்வது எல்லா உயிருக்கும் உள்ள குணம்.

கேள்வி இங்கேதான் தொடங்குகிறது. வலி நம்முடையதாக இருக்கும்போது காட்டுகிற நிதானத்தை, வலி இன்னொருவருடையதாக இருக்கும்போதும் காட்டுகிறோமா? தனக்கு விரும்புவதைத் தன் சகோதரனுக்கும் விரும்பாதவரை ஈமான் முழுமையடையாது என்ற நபிமொழியை நாம் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். அதைச் சோதித்துப் பார்க்கும் இடம் இதுதான்.

குபைப் (ரலி) அவர்களின் கையிலிருந்த கத்தி

நம் வரலாற்றில் ஒரு சவரக்கத்தி இருக்கிறது. புகாரி நூலில் அந்தச் சம்பவம் பதிவாகியுள்ளது.

குபைப் பின் அதீ (ரலி) அவர்கள் துரோகத்தால் சிறைபிடிக்கப்பட்டு மக்காவில் விற்கப்பட்டார்கள். அவர்களை வாங்கியது ஹாரிஸ் என்பவரின் பிள்ளைகள். பத்ரில் கொல்லப்பட்ட தம் தந்தைக்குப் பழிவாங்குவதற்காகவே வாங்கினார்கள். சாவு நிச்சயம் என்று தெரிந்த நிலையில், தம்மைச் சுத்தம் செய்துகொள்ள அந்த வீட்டுப் பெண்ணிடம் குபைப் (ரலி) ஒரு சவரக்கத்தியை இரவலாகக் கேட்டார்கள். அவரும் கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண்ணின் சிறு குழந்தை, தாயின் கவனம் தப்பி, கைதியிடம் போய்விட்டது. தாய் திரும்பிப் பார்க்கிறார். தம் குழந்தை குபைபின் மடியில். குபைபின் கையில் கத்தி.

சகோதரர்களே, அந்தத் தாயின் இடத்தில் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். நாளை கொல்லப்படப்போகும் மனிதன். அவனைக் கொல்லப்போவது இந்தக் குழந்தையின் குடும்பம். கத்தியை அவன் கையில் கொடுத்ததும் நான்தான். அவருக்கு இரத்தம் உறைந்துபோனது. அந்த முகத்தைப் பார்த்தே குபைப் (ரலி) புரிந்துகொண்டார்கள். நான் இவனைக் கொன்றுவிடுவேன் என்று அஞ்சுகிறாயா, நான் அப்படிச் செய்கிறவன் இல்லை என்ற கருத்தில் அந்தத் தாய்க்கு ஆறுதல் சொன்னார்கள். குபைபைவிடச் சிறந்த ஒரு கைதியை நான் கண்டதே இல்லை என்று அந்தப் பெண் பிற்காலத்தில் சொல்லிவந்தார்.

பிறகு ஹரம் எல்லைக்கு வெளியே அழைத்துச் செல்லப்பட்டு, இரண்டு ரக்அத் தொழுதுவிட்டு, குபைப் (ரலி) ஷஹீதானார்கள்.

அந்தக் கையைத் தடுத்தது எது? சட்டமா? அவர்களுக்கு இனி எந்தத் தண்டனையும் பாக்கியில்லை. வலியா? வலிக்கப்போவது எதிரிக்கு. ஊர் என்ன சொல்லும் என்ற பயமா? அந்த ஊர் அவர்களின் சாவைப் பார்க்கக் காத்திருந்தது. எந்த வேலியும் இல்லாத இடத்தில் அந்தக் கத்தி அசையவில்லை. அல்லாஹ் பார்க்கிறான் என்ற ஒன்றைத் தவிர வேறு எந்தக் காரணமும் அங்கே இல்லை. இதுதான் இஹ்ஸான்.

நிதானமான கை உள்ளவரெல்லாம் நல்லவர் என்று நான் சொல்லவில்லை. கை நடுங்காமல் அநியாயம் செய்பவர்களும் உலகில் உண்டு. திறமை வேறு, தக்வா வேறு. ஆனால் கவனமே இல்லாத கையோடு ஒருவர், என் மனம் நல்ல மனம் என்று சொன்னால் அதை ஏற்க முடியுமா? பிறர் மீது உண்மையான அக்கறை இருந்தால் அது முதலில் கையில் தெரியும், நாவில் தெரியும்.

துயரம் கைக்கு வரும்போது

நல்லவர்களின் கையும் தடுமாறும் நேரங்கள் உண்டு. ஹிஜ்ரி 6-ஆம் ஆண்டு ஹுதைபிய்யாவில், உம்ரா செய்யாமலேயே திரும்ப வேண்டும் என்று உடன்படிக்கை ஆனபோது ஸஹாபாக்களின் உள்ளம் உடைந்துபோயிருந்தது. பலியிட்டுத் தலையை மழித்துக்கொள்ளுங்கள் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னபோதும் உடனே யாரும் எழவில்லை. அன்னை உம்மு ஸலமா (ரலி) ஆலோசனை சொன்னார்கள்: நீங்கள் யாரிடமும் எதுவும் பேசாமல் வெளியே போய், உங்கள் பிராணியைப் பலியிட்டு, உங்கள் தலையை மழிக்கச் சொல்லுங்கள் என்று. அப்படியே நடந்தது. அதைப் பார்த்ததும் தோழர்கள் எழுந்து, ஒருவர் தலையை ஒருவர் மழிக்கத் தொடங்கினார்கள். துயரத்தின் மிகுதியால் ஒருவரை ஒருவர் கொன்றுவிடுவார்களோ என்று அஞ்சும் அளவுக்கு இருந்தது அந்தக் காட்சி என்று அறிவிப்பில் வருகிறது.

அவர்கள் ஒருவரை ஒருவர் உயிராக நேசித்தவர்கள். அப்படியும் மனதில் இருந்த துயரம் கைக்கு வந்துவிட்டது. அவர்களுக்கே அப்படி என்றால், நாம் எம்மாத்திரம்?

எங்கள் ஊரில் பல ஆண்டுகள் சவரக்கடை வைத்திருந்த ஒரு பெரியவரிடம் ஒருமுறை கேட்டேன். ஏழாம் நாள் குழந்தைகளுக்கு முடி இறக்குகிறீர்களே, உச்சிக்குழி துடிக்கிற அந்தத் தலையில் கத்தி வைக்கப் பயமாக இருக்காதா என்று. அவர் சொன்னார்: "பயம் இருக்கணும் ஹஜ்ரத். பயம் போயிருச்சுன்னா கத்தியக் கீழ வெச்சிரணும். வீட்டுல சண்டை போட்டுட்டு வந்த அன்னைக்கு நான் பச்சப் புள்ள தலையத் தொடமாட்டேன். சாயங்காலம் வாங்கன்னு சொல்லிருவேன்."

எத்தனை பெரிய பாடம்! கோபத்தோடு கத்தி எடுப்பதில்லை. நம்மில் எத்தனை பேர் கோபத்தோடு வாய் திறப்பதில்லை என்று சொல்ல முடியும்?

நாம் கீறிய இடங்கள்

அந்தப் பெரியவரைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது. இந்த மஹல்லாவில் பாதிப் பேரின் கழுத்தில் அவருடைய கத்தி பட்டிருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு குரல்வளையை அவரிடம் ஒப்படைத்தவர்கள் நாம். ஆனால் அவருடைய மகளுக்கு வரன் பார்த்தபோது, "அவங்க அந்தத் தொழில் செய்ற குடும்பம்" என்ற ஒரு சொல்லால் எத்தனை வீடுகள் பின்வாங்கின! பல ஊர்களில் இந்த வழக்கம் இருந்தது. சில ஊர்களில் இன்னும் இருக்கிறது. ஒரே ஸஃப்பில் தோளோடு தோள் நிற்கிறோம், ஸலாம் சொல்கிறோம், சம்பந்தம் என்றால் தள்ளி நிற்கிறோம்.

இறுதி ஹஜ்ஜில் மினாவில் நபி (ஸல்) அவர்கள் தம் தலையின் வலப்பக்கத்தை முதலில் காட்டி மழிக்கச் சொன்னார்கள், பிறகு இடப்பக்கம். அந்தப் பாக்கியம் பெற்றவர் மஃமர் பின் அப்துல்லாஹ் (ரலி) என்று அறிஞர்கள் குறிப்பிடுகிறார்கள். அல்லாஹ்வின் தூதர் தம் தலையையே ஒப்படைத்த வேலையை இழிவு என்று நினைக்க நமக்கு யார் அதிகாரம் கொடுத்தது? ஐம்பது வருடமாக நம் தோலில் ஒரு கீறல் விழாமல் பார்த்துக்கொண்ட மனிதரின் மனதில், ஒரே வார்த்தையில் நாம் எவ்வளவு ஆழமாகக் கீறிவிட்டோம்! முஸ்லிம் என்பவர் யார் என்று கேட்டபோது, எவருடைய நாவிலிருந்தும் கையிலிருந்தும் மற்ற முஸ்லிம்கள் பாதுகாப்பாக இருக்கிறார்களோ அவரே என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் பதில் சொன்னார்கள். அதில் நாவுதான் முதலில் வருகிறது.

வீட்டுக்குள்ளும் பாருங்கள். அந்தத் தம்பி ஏன் தன் அத்தாவிடம் கேட்கவில்லை? அவர் அடிப்பவர் அல்ல, கெட்டவர் அல்ல. விளையாட்டாகச் சிரிப்பவர், அவ்வளவுதான். ஆனால் அந்தச் சிரிப்பு பிள்ளைக்கு எங்கே படுகிறது என்று அவருக்குத் தெரியாது. ரேசர் வெட்டினால் இரத்தம் தெரிகிறது. சொல் வெட்டினால் எதுவும் தெரிவதில்லை. பிள்ளை கேட்பதை நிறுத்திக்கொள்கிறான். இன்று ரேசரைப் பற்றிக் கேட்காதவன், நாளை கடனில் சிக்கினாலும் கேட்கமாட்டான், தவறான சகவாசத்தில் விழுந்தாலும் சொல்லமாட்டான்.

அவருடைய அனுமதியோடுதான் இதைச் சொல்கிறேன். அவரைத் தனியாகச் சந்தித்துப் பேசினேன். வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "எனக்கும் எங்க அத்தா சொல்லித் தரல ஹஜ்ரத். நானும் ஒளிஞ்சு ஒளிஞ்சுதான் கத்துக்கிட்டேன். எங்க அத்தாவும் சிரிச்சாங்க. மறந்தே போயிட்டேன்" என்றார். அடுத்த ஜும்ஆவில் இருவரும் ஒன்றாக வந்தார்கள். மகனின் தாடையில் காகிதத் துண்டு இல்லை. அத்தாவின் கன்னத்தில்தான் ஒரு சின்னக் கீறல். "சொல்லிக் குடுக்குறேன்னு பேசிக்கிட்டே பண்ணேன்" என்று சொல்லிச் சிரித்தார். இந்தச் சிரிப்புக்கு அவர் மகனும் சேர்ந்து சிரித்தான்.

சகோதரர்களே! நாளைக் காலை கண்ணாடி முன் நிற்கும்போது உங்கள் கையைக் கவனியுங்கள். உங்கள் தோலுக்காக அது எவ்வளவு மெதுவாக நகர்கிறது, எப்படி யோசித்து யோசித்துப் போகிறது என்று பாருங்கள். அதே கை, அதே நாவு, மனைவியிடம், மகனிடம், கடைப்பையனிடம், உங்களிடம் கடன் வாங்கியவரிடம் எப்படி நடந்துகொள்கிறது என்று அங்கேயே நின்று ஒரு நிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். யாரையாவது கீறியிருந்தால், இந்த வாரமே போய் மன்னிப்புக் கேளுங்கள். வளர்ந்த பிள்ளை இருந்தால், பக்கத்தில் நிறுத்தி, சிரிக்காமல் சொல்லிக் கொடுங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் கைகளையும் நாவுகளையும் பிறருக்குத் தீங்கு தராதவையாக ஆக்கிவைப்பாயாக. குபைப் (ரலி) அவர்களின் உள்ளத்தில் நீ வைத்த அச்சத்திலும் நிதானத்திலும் ஒரு துளியை எங்களுக்கும் தருவாயாக. நாங்கள் அறிந்தும் அறியாமலும் கீறியவர்களின் காயங்களை ஆற்றுவாயாக. எங்களை மன்னிப்பாயாக. ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.